ரத்ததானப் படிவத்தைத் தனியாக நிரப்ப விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் அவளை நடமாட வைக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன்.

சென்னையில் நான் பார்த்த ரத்ததான முகாம்களில் நண்பர்கள் ஒரே மேசையைச் சுற்றி நின்று படிவத்தில் டிக் போடுகிறார்கள். மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்திக்கொண்டீர்களா, பாதுகாப்பில்லாத உடலுறவு உண்டா என்றெல்லாம் கேட்கும் படிவம் அது. பக்கத்தில் வகுப்புத் தோழனோ மேலாளரோ எட்டிப் பார்க்கும்போது யார் 'ஆம்' என்று எழுதுவார்கள்?

மருத்துவமனையில் இன்னும் மோசம். "சொந்தக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள்" என்கிறார்கள். மாமா ஆபரேஷனுக்குக் காத்திருக்க, அத்தை கண் கலங்கி நிற்க, ஒரு பையன் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பான்? பேசாமல் கையை நீட்டிவிடுவான்.

சரி, எடுத்த ரத்தத்தைச் சோதிக்கிறார்களே என்று கேட்கலாம். ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வைரஸ் உடம்பில் நுழைந்த முதல் சில வாரங்களில் எலைசா சோதனையில் அது தெரியாமல் போகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை அந்த இடைவெளியைக் குறைக்கும், ஆனால் முழுக்க அடைக்காது. எல்லா ரத்த வங்கியிலும் அந்த வசதி இல்லை. அந்த நாட்களில் கொடுப்பவர் சொல்லும் உண்மை ஒன்றுதான் என் மகளுக்குப் பாதுகாப்பு. ஒரு யூனிட்டைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்குக்கூட ஏற்றுகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது மறந்திருக்காது. கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றிய ரத்தத்தால் ஹெச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே ஒரு சோதனையில் தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்துக்கொண்டபோது விஷயம் தெரிந்ததும், அவரே போய் மருத்துவமனையில் சொன்னார். 2016-லேயே அவரிடம் சொல்லியிருந்தால் அவர் ரத்தம் கொடுத்திருக்கவே மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது இதே சென்னையில். இத்தனை காலம் கழித்தும் முடிவை உரியவரிடம் சொல்வதில் ஓட்டை இருப்பது வேதனை.

தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள் முகாமுக்கு வர வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. சோதனைக்கென்றே உள்ள 'நம்பிக்கை மையத்தில்' இலவசமாக, ரகசியமாகச் சோதித்துக்கொள்ளலாம். இதை முகாம் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். வற்புறுத்தலால் கொடுத்தவர், பிறகு "என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்" என்று காதும் காதும் வைத்தாற்போல் சொல்ல ஒரு போன் எண் தர வேண்டும். அப்புறம், முகாமுக்கு இடம் தரும் கல்லூரி முதல்வர்கள் படிவம் நிரப்பவும் ஆலோசகரிடம் பேசவும் கூடுதலாக ஒரு வகுப்பறையைத் திறந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பெரம்பூர், சென்னை