போபாலில் 1984-க்கு முந்தைய கசிவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 3 அன்று போபாலைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். பெரும்பாலும் அவை 1984-இல் அங்கே விஷவாயு கசிந்த அந்த ஒரே இரவைத்தான் சொல்கின்றன. முப்பது ஆண்டுகள் ரசாயன ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் என்ற முறையில், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளையும் எழுதுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

யூனியன் கார்பைடின் போபால் ஆலை 1969-இல் தொடங்கியது. செவின் பூச்சிமருந்துக்குத் தேவையான மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனத்தை 1980-இல் அங்கேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு டிசம்பரில், பராமரிப்பு வேலையின்போது பாஸ்ஜீன் என்ற இன்னொரு நச்சு ரசாயனம் தெறிக்க, பதற்றத்தில் முகமூடியைக் கழற்றிவிட்ட ஒரு தொழிலாளி உயிரிழந்தார். முகமூடிக்குள் மூச்சு முட்டும்போது கை தானாக அதைப் பிடுங்கப் போகும். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. 1982 ஜனவரியில் மீண்டும் பாஸ்ஜீன் கசிந்து 24 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிறுவனத்தின் ஆய்வுக் குழுவே பல குறைகளைச் சுட்டிக்காட்டியது. செப்டம்பரில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று தம் சிறு வார இதழில் எழுதினார்.

குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவுமுன், இரு குழாய்கள் இணையும் விளிம்பான ஃபிளேஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இடையே ஒரு வட்டத் தகட்டைச் செருகி இறுக்குவோம். அதை பிளைண்ட் என்போம். வால்வு மூடியிருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கழுவ எங்கள் சூப்பர்வைசர் ஒருநாளும் விட்டதில்லை. போபாலில் அன்றிரவு அந்தத் தகட்டைப் போடாமலே குழாய்களைக் கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் சூடேறிப் பொங்கும் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது அவ்வழியாகத்தான் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றது. எப்படிப் புகுந்திருந்தாலும், தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததும், வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் இணைப்புக் குழாய் கழற்றப்பட்டிருந்ததும் அந்த இரவுக்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவுகள். சுமார் 40 டன் நச்சு வெளியேறியதற்கு இவையும் காரணம்.

ஆகவே, வரும் டிசம்பரில் 1981, 1982 கசிவுகளையும் விரிவாக வெளியிட வேண்டுகிறேன். நம் பகுதி ஆலைகளில் அமோனியாவோ குளோரினோ கசிந்து, "யாருக்கும் பாதிப்பில்லை" என்று நான்கு வரியில் முடியும் செய்திகளை, ஒரு மாதம் கழித்துத் தங்கள் நிருபர்கள் மீண்டும் விசாரித்து, எந்த வால்வு பழுதானது, அது மாற்றப்பட்டதா என்பதையும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், ராணிப்பேட்டை