நியூ ஹேவனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். குளிர்தான் இன்னும் விடவில்லை. நான் வேலைக்குப் போகும் வழியில், நகர மண்டபத்தின் முன்னால் இருக்கும் வெண்கலச் சிற்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது நிற்கும் இடத்தில்தான் 1839-ல் சிறை இருந்தது. அமிஸ்டாட் என்ற ஸ்பானியக் கப்பலைக் கைப்பற்றி, அதனால் வழக்கில் சிக்கிய ஆப்பிரிக்கர்களை அங்கேதான் அடைத்தார்கள். கோர்ட் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்குத்தான் இந்த வழக்குக் கட்டின் நுணுக்கம் புரியும்.

அந்த ஜூன் கடைசியில், ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானாவிலிருந்து 53 ஆப்பிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியது. 49 ஆண்களை ரூயிஸும், 4 குழந்தைகளை மோன்டெஸும் என்று இரண்டு ஸ்பானியர்கள் அடிமைகளாக வாங்கியிருந்தார்கள். அவர்களில் செங்பே பியே என்பவன் தலைமையில் ஆண்கள் விலங்கை உடைத்துக் கப்பலைக் கைப்பற்றினார்கள். கப்பல் தலைவனும் சமையல்காரனும் அதில் இறந்தார்கள். ஆப்பிரிக்காவுக்குத் திருப்பச் சொன்னால், மோன்டெஸ் பகலில் கிழக்கே ஓட்டிவிட்டு இரவில் வடக்கே திருப்பினான். ஆகஸ்டில் லாங் ஐலண்ட் அருகே அமெரிக்கக் கடற்படை பிடித்தது. நியூயார்க்கில் அடிமைமுறை ஒழிந்திருந்தது, நியூ ஹேவன் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் சட்டப்படி இன்னும் இருந்தது. பிடித்த லெப்டினன்ட் கெட்னி மீட்புக் கூலி, அதாவது கடலில் மீட்ட கப்பலுக்கும் சரக்குக்கும் உரிய பங்கு, கேட்க இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான் என்றே தோன்றுகிறது.

கொலைக் குற்றச்சாட்டு சீக்கிரமே விழுந்துவிட்டது. ஸ்பானியக் கப்பலில் நடந்ததை விசாரிக்க இந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அந்த 4 குழந்தைகளில் மூன்று சிறுமிகளுக்காகப் போட்ட ஆட்கொணர்வு மனு மட்டும் தள்ளுபடி ஆனது. மிஞ்சியது ஒரே கேள்வி: இவர்கள் யாருடைய சொத்து?

1820-க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று ஸ்பெயினே ஒப்பந்தம் போட்டிருந்தது. அதனால் ரூயிஸ் காட்டிய ஹவானா பாஸ்களில் எல்லாருக்கும் ஸ்பானியப் பெயர் சூட்டி, 'லடினோ', அதாவது கியூபாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், என்று எழுதியிருந்தார்கள். முத்திரையும் சரி, கையெழுத்தும் சரி. ஆனால் அந்தச் சிறுமிகளின் வயதைப் பாருங்கள், அப்பா. 1820-க்குள் கியூபாவுக்கு வந்திருக்க வேண்டுமென்றால், அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்!

ஆனாலும் அவர்களே வாய்திறந்து சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிப்ஸ் சிறையில் உட்கார்ந்து, அவர்கள் பேசிய மெண்டே மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை கற்றுக்கொண்டார். நியூயார்க் துறைமுகத்தில் அதை உரக்க எண்ணிக்கொண்டே நடந்தார். பிரிட்டிஷ் கப்பலில் மாலுமியாக இருந்த ஜேம்ஸ் கோவி அதைக் கேட்டுத் திரும்பினான். அவனும் சிறுவயதில் பிடித்து விற்கப்பட்டவன். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கே வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி ஜட்சன் மீது யாருக்கும் நம்பிக்கை இல்லை. கறுப்பினப் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆசிரியை மீது 1833-ல் வழக்கு நடத்தியவர் அவர். அவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு வரும், வந்ததும் மேல்முறையீட்டுக்கு நேரம் கொடுக்காமல் கியூபாவுக்கு ஏற்றிப்போகலாம் என்று, அப்போதைய குடியரசுத் தலைவர் வான் பியூரன் கிராம்பஸ் என்ற போர்க்கப்பலை நியூ ஹேவன் துறைமுகத்துக்கே அனுப்பிவைத்திருந்தார். ஆனால் 1840 ஜனவரியில் ஜட்சன் ஆப்பிரிக்கர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார். அரசாங்கம்தான் மேல்முறையீட்டுக்கு ஓடியது.

உச்ச நீதிமன்றத்தில் ஆப்பிரிக்கர்களுக்காக வக்கீல் பால்ட்வினோடு, 73 வயது முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸும் வாதாடினார். அவர் வாதம் இரண்டு நாளில் எட்டு மணி நேரம் போனது. நடுவில் ஒரு நீதிபதி இறந்தும்போனார். 1841 மார்ச் 9 அன்று நீதிபதி ஸ்டோரி தீர்ப்பை வாசித்தார்: இவர்கள் அடிமைகளும் அல்ல, கடற்கொள்ளையரும் அல்ல.

ஆனால் அடிமைமுறை தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கப்பலில் இருந்த அந்தோனியோ என்ற பையனை, கப்பல் தலைவனின் சொத்து என்று ஜட்சன் ஏற்கெனவே எழுதிவிட்டார். அவன் பிறகு கனடாவுக்குத் தப்பினான். இன்னொரு கோணலும் உண்டு. அரசு செலவில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பச் சொன்ன ஜட்சனின் உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. விடுதலை கிடைத்தது, வீடு திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. இதே மாநிலத்தின் ஃபார்மிங்டன் ஊரில் தங்கி, ஆதரவாளர்கள் பணம் திரட்டி, நவம்பரில் 35 பேர் கிளம்பினார்கள். மற்றவர்கள் கடலிலும் சிறையிலும் காத்திருப்பிலும் இறந்திருந்தார்கள்.

சிற்பத்தின் படம் அடுத்த கடிதத்தோடு வைக்கிறேன். அம்மாவிடம் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்