மூன்று முறை பழுது பார்த்தும் தீராத மின்கோளாறு: செலுத்திய தொகையைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்
கார் உரிமையாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பழுதின் காரணத்தைக் கண்டறியாமல் பாகங்களை மாற்றியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2010-ஆம் ஆண்டு உங்கள் நிறுவனத்தில் வாங்கிய பெட்ரோல் காரைத்தான் நான் இன்றும் ஓட்டி வருகிறேன். பதினைந்து ஆண்டு முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, மேலும் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறேன். எஞ்சினிலோ கியரிலோ இதுவரை ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஆறேழு மாதங்கள் தொடர்ந்த மின்கோளாறும், அதைக் காரைக்குடியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டர் கையாண்ட விதமும்தான்.

2025 ஜூன் மாதம் ஒரு காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று சொல்லி ரூ.5,400-க்குப் புதியது போட்டார்கள். ஆகஸ்டில் பேட்டரி விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது; பவர் விண்டோ பாதியில் நின்று நின்று ஏறியது. அப்போது, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை ரூ.14,800-க்கு மாற்றினார்கள். அக்டோபரில் மறுபடியும் செல்ஃப் மக்கர் செய்ய, செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதுப்பித்ததாக ரூ.3,200 வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி நான்கைந்து வாரம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு பழைய கதைதான்.

மூன்றாம் முறை போனபோது, வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று உங்கள் சர்வீஸ் அட்வைசர் கேட்டார். பின்தெருவைப் பார்த்த பழைய கொட்டகையில் என்றேன். செட்டிநாட்டுப் பழைய வீடென்றால் எலி வயரைக் கடித்திருக்கும் என்று அவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பானட்டைத் திறந்து நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். கடித்த தடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பழுதுபார்ப்பு விவரம் எழுதும் ஜாப் கார்டில் காரணம் என்ற இடத்தில் ‘பழைய வண்டி, வயரிங் கோளாறு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எந்த வயர் என்று எழுதவில்லை. ஒரு வோல்ட் அளவுகூட அந்தத் தாளில் இல்லை.

டிசம்பரில் பிள்ளையார் நோன்பன்று தேவகோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் கையால் இழை (மாவில் வைத்து ஏற்றிய நோன்புத் திரி) எடுத்துக்கொண்டு, எண்பத்தாறு வயதான என் ஆத்தாவுடன் இரவு திரும்பிக்கொண்டிருந்தேன். தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டியதும் முகப்பு விளக்குகள் அகல் விளக்கைப் போல மங்கின. சற்றுத் தூரத்தில் எஞ்சினும் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் நல்ல வேளையாகப் பார்த்து ஒதுங்கினார். குளிரில் முக்கால் மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்த ஆத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் மூன்று பில்லையும் விட எனக்கு அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

மறுநாள் காரைக்குடி செக்காலைப் பக்கம் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கையும் ஏ.சி. காற்றாடியையும் போட்டு, மல்டிமீட்டரை வைத்தார். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.3 வோல்ட் இருந்தது, பேட்டரியில் 12.7 வோல்ட்தான் இருந்தது. நடுவில் போன 1.6 வோல்ட் எங்கே என்று தேடியவர், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில் போய் நின்றார். வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்த அந்தப் பட்டை, முனையை அவிழ்த்ததும் உள்ளே பச்சைக் களிம்பு ஏறி, பாதிச் செம்புக் கம்பிகள் உதிர்ந்து கிடந்தது.

எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், செல்ஃப் மோட்டாருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மின்சாரம் திரும்பிச் செல்ல அந்தப் பட்டைதான் முக்கிய வழி. செல்ஃப் எடுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் என்பதால், அந்த இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் வீணாகிவிடும் என்று அவர் விளக்கினார். பட்டை கெட்டால் செல்ஃப் திணறும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, விளக்கு மங்கும். அதாவது நீங்கள் மூன்று தனித்தனி நோயாக எண்ணி வைத்தியம் பார்த்தது ஒரே நோய். உங்கள் ஆட்கள் பாகங்களைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் பட்டை அசைந்து கொஞ்ச நாளைக்குத் தொடர்பு கிடைத்திருக்கிறது. குணமாகிவிட்டது என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன். வண்டி நிற்கும்போது மின்கசிவு இருக்கிறதா என்றும் அவர் பார்த்தார். 30 மில்லி ஆம்பியர்தான், கடிகாரத்துக்கும் ரேடியோவின் நினைவுக்கும் ஆகிற சாதாரண அளவு. புதுப் பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து ரூ.350 வாங்கினார். இரண்டு மாதமாகக் கோளாறு இல்லை.

நான் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன். ஐந்தொகை இடிக்கிறது என்றால் பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பேரேடு வாங்குவதில்லை. எந்தப் பதிவில் பிசகு என்றுதான் தேடுவோம். வண்டி பழையது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வயது ஒரு பழுதாகாது, அளந்து பார்க்காமல் இருப்பதற்கு அது சாக்கும் ஆகாது.

பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அந்த ரூ.5,400-ஐ நான் கேட்கவில்லை. ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃப் மோட்டார் வேலைக்கும் வாங்கிய ரூ.18,000-ஐத் திருப்பித் தர வேண்டும். என்னிடம் கேட்காமலே வைத்துக்கொண்ட என் பழைய ஆல்டர்னேட்டரையும் ஒப்படைக்க வேண்டும். அது நல்ல நிலையில் இருந்ததென்றே நினைக்கிறேன். என் வண்டியின் சர்வீஸ் பதிவிலுள்ள ‘வயரிங் கோளாறு’ என்ற குறிப்பை நீக்கி, எர்த் பட்டையே காரணம் என்று திருத்த வேண்டும். மூன்று பில்களின் நகலையும், எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த அளவுகளையும், கழற்றிய பட்டையின் படத்தையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். பட்டை என்னிடமே இருக்கிறது. நேரில் வருபவருக்குக் காட்டுவேன்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. தொலைபேசியில் பேச விரும்பினால் காலை பத்து மணிக்கு மேல் அழைக்கலாம். ஜாப் கார்டை எழுதிய அதே அட்வைசரை மட்டும் பேசச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார் உரிமையாளர், பள்ளத்தூர்.