முன் ஆக்ஸிலின் பெயரைச் சொல்வதற்கு முன்னால்

ஆஃப்-ரோடு குழுக்களில் புதியவர்களுக்கு வழிகாட்டும் மூத்த ஓட்டுநர்களுக்கும், ஆக்ஸில் வேலை செய்யும் மெக்கானிக் நண்பர்களுக்கும் வணக்கம்.

"பெரிய டயர் போடப் போகிறேன், முன் ஆக்ஸில் தாங்குமா?" என்று புதிதாக ஒருவர் கேட்டால், நம்மில் பலர் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் டேனா 44 என்பார் (டேனா நிறுவனத்தின் ஆக்ஸில் வகை; 30, 44, 60 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும்). இன்னொருவர், "செய்வதுதான் செய்கிறாய், நேராக டேனா 60 போட்டுவிடு" என்பார். வண்டி என்ன எடை, எந்த அளவு டயர், எப்படிப்பட்ட தடம் என்பதைப் பற்றிக் கேள்வி கேட்டவர் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம். அவருடைய பணமும் பாதுகாப்பும் நம் பதிலை நம்பி நிற்கின்றன.

லாக்கர், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் கருவி, உண்டா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் போகும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் மறுபக்கத்துக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். வண்டி நகராது, ஆனால் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் தப்பிக்கும். லாக்கர் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் (மெதுவாக ஏற உதவும் கூடுதல் கியர்) 2.7, ஆக்ஸில் ரேஷியோ (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களின் விகிதம்) 4.10 என்று வைத்துக்கொண்டால், பெருக்கி வருவது 13,000-க்கும் மேல். அதில் பாதி மட்டுமே முன்னால் வந்தாலும், ஒரு சக்கரம் தூக்கி நிற்கும்போது அந்த 6,600 நியூட்டன் மீட்டரும் ஒரே ஷாஃப்டில் இறங்கலாம். பெரும்பாலும் டயர் வழுக்கிவிடுவதால் அந்த அளவுக்குப் போவதில்லை. டயர் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் வழுக்க இடமில்லை. அப்போது ஸ்டீயரிங்கும் முழுக்கத் திருப்பப்பட்டிருந்தால், கோணத்தில் நிற்கும் யூ-ஜாயிண்ட்தான் (ஷாஃப்டின் இரு துண்டுகளையும் இணைக்கும் மூட்டு) முதலில் போகும். போகும்போது அந்த மூட்டைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் காதையும் பிய்த்துக்கொண்டு போகும்.

அடுத்து டயர். 31 இன்ச்சிலிருந்து 37-க்குப் போனால் ஆரம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுகிறது. அதாவது வழுக்குவதற்கு முன் அந்த டயர் ஷாஃப்டை அவ்வளவு அதிகமாக முறுக்கும். இழந்த இழுவையை மீட்க ரேஷியோவையும் 4.10-லிருந்து 4.88-க்கு மாற்ற வேண்டி வரும். ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் அதே அளவில் இருக்க, ரேஷியோ ஏற ஏற அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரமான பினியன் சிறுத்துக்கொண்டே போகும். சுமை கூடும் அதே நேரத்தில் பல் மெலிகிறது. கிரவுன் வீலின் விட்டம் முக்கியமாவது இங்கேதான்: டேனா 30-இல் ஏறக்குறைய 7.2 இன்ச், 44-இல் 8.5, 60-இல் 9.75.

ஆனால் இந்த எண் மட்டும் போதாது, பெயர் அதைவிடவும் போதாது. ஜீப் ரேங்ளரின் டிஜே தலைமுறை ரூபிகானின் முன் டேனா 44 லோ பினியன் (பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே). அடுத்து வந்த ஜேகே ரூபிகானுடையது ஹை பினியன் (மையத்துக்கு மேலே). இரண்டுக்கும் 44 என்றுதான் பெயர். அந்த ஜேகே ரூபிகானில் கிரவுன் பெரிதே தவிர, ஆக்ஸில் குழாயின் விட்டம் சாதாரண ஜேகேயின் டேனா 30-இல் இருக்கும் அதே 2.5 இன்ச்தான். வேகமாக ஓட்டி, குதித்து இறங்குகிறவருக்கு ஷாஃப்ட் உடைவதைவிடக் குழாய் வளைவதுதான் கவலை. உள்ளே ஸ்லீவ் (இன்னொரு குழாய்) செருகி, முனைகளில் கஸட் (வலுவூட்டும் தகடு) பற்றவைப்பது அவருக்கு முதல் உதவி. பாறைத் தடத்தில் நத்தை வேகத்தில் ஏறுகிறவருக்கு வேறு உதவி தேவை.

ஹை பினியன் பற்றி எல்லோரிடமும் சொல்கிறோம். பாதியைத்தான் சொல்கிறோம். முன் ஆக்ஸிலில் ஹை பினியனின் ரிவர்ஸ்-கட் பற்கள் (எதிர்த்திசையில் வெட்டியவை) முன்னோக்கிப் போகும்போது தங்கள் வலுவான முகத்தில் சுமை வாங்குகின்றன, உண்மை. ரிவர்ஸ் போட்டால் சுமை பலவீனமான முகத்துக்கு மாறிவிடும். மாட்டிக்கொண்ட பதற்றத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ரிவர்ஸில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அதே மூச்சில் சொல்லிக்கொடுங்கள்.

33 அல்லது 35 இன்ச் டயரோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு முழு ஆக்ஸிலும் தேவைப்படாமல் போகலாம். 4340 குரோமோலி (வலுவான உலோகக்கலவை எஃகு) ஷாஃப்டும் நல்ல ஜாயிண்டும் போதும். யூ-ஜாயிண்டுக்குப் பதிலாக வரும் டொயோட்டாவின் பிர்ஃபீல்ட் ஜாயிண்டுக்கும் குரோமோலியில் மாற்று உண்டு. ஆனால் ஷாஃப்டை வலுப்படுத்தினால் உடையும் இடம் நகரும், அடுத்தது கிரவுனும் பினியனுமாக இருக்கலாம். எனக்கு லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் பாகம்) முதலில் உடைவதுதான் பிடிக்கும். ஃபியூஸ் மாதிரி, தடத்திலேயே கழற்றி மாற்றிவிடலாம். டேனா 60-ஐ 33 இன்ச் டயரோடு போட்டால் அதன் பெரிய ஹவுசிங் (வெளிக்கூடு) தாழத் தொங்கிப் பாறையில் இடிக்கும். எடையும் கூடும், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும்.

மெக்கானிக் நண்பர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. வேறு வண்டியின் ஆக்ஸிலைப் பொருத்தும்போது பினியன் கோணத்துக்காக ஹவுசிங்கைத் திருப்பினால் காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) சேர்ந்து மாறிவிடுகிறது, ஏனென்றால் முனையில் சக்கரத்தோடு திரும்பும் நக்கிளைத் தாங்கும் சி-பகுதி குழாயோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. காஸ்டர் குறைந்த வண்டி நெடுஞ்சாலையில் நேராக நிற்காது, ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. காட்டில் தெரியாத இந்தக் குறை, குடும்பத்தோடு வீடு திரும்பும் வேகத்தில்தான் தெரியும். முதலில் காஸ்டரை முடிவு செய்யுங்கள். தேவையென்றால் சி-யை வெட்டித் திருப்பிப் பற்றவையுங்கள், செலவு கூடினாலும் சரி. பெரிய பிரேக் காலிப்பருக்கு மாஸ்டர் சிலிண்டர் ஈடுகொடுக்கிறதா, ஏபிஎஸ் சென்சாருக்கு இடம் இருக்கிறதா, பின் ஆக்ஸிலின் ரேஷியோ ஒத்துப்போகிறதா என்பதையும் வேலை தொடங்குமுன் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், செலவு எழுதித் தரும் தாளில் "60 முன் ஆக்ஸில்" என்று ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். கிரவுன் அளவு, ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையின் பற்கள்) எண்ணிக்கை, குழாயின் விட்டமும் தடிமனும், பினியன் மேலா கீழா, நக்கிள் திரும்புவது கிங்பின்னிலா பால் ஜாயிண்டிலா, ரேஷியோ எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய ஹவுசிங் என்றால் குழாய் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே விலை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களோடு தடத்தில் வரும் ஒருவன்