செயலாளர் ஆண்டறிக்கை: கோயிலுக்குள் ஒரு நிலா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆட்சிக்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன; மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது நிலாதான். பிரிட்டிஷ் கலைஞர் லூக் ஜெரம் 2016 முதல் ஊர் ஊராகக் கொண்டுபோகும் ‘மியூசியம் ஆஃப் தி மூன்’ என்ற காற்றடைத்த நிலா உருண்டை இங்கிலாந்தின் பழைய பேராலயங்கள் பலவற்றில் தொங்கியிருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க லண்டன், பாரிஸ் என்று போய்வரும் உறுப்பினர்கள் நம்மிடம் அதிகம். அவர்கள் கேட்டதற்காக நடந்த இரண்டு அமர்வுகளின் சாரத்தைத் தருகிறேன்.

உருண்டையின் குறுக்களவு 7 மீட்டர். நாசா எடுத்த படங்களை அச்சிட்ட துணி, உள்ளிருந்து விளக்கொளி. உண்மையான நிலாவில் 5 லட்சத்தில் ஒரு பங்கு என்பதால் 1 சென்டிமீட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோ பள்ளம் 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. சந்திரயான்-3 இறங்கிய இடத்தையும் தேடிப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்த பக்கம் எதிரே இருக்க நின்றால், அடிமுனையிலிருந்து வளைவின்மேல் சுமார் 1.25 மீட்டர் ஏறி, வலப்பக்கம் ஒதுங்கிய இடம். ரோவர் அங்கே ஓடிய 100 மீட்டர் இந்தத் துணியில் 0.2 மில்லிமீட்டர்தான். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்பதால் இந்த இடத்தில் கூட்டத்தில் கைதட்டலே எழுந்தது.

எல்லாரும் நேர் கீழே போய் அண்ணாந்து நிற்கிறார்கள். அங்கே அடிவயிறு மட்டும்தான் தெரியும், கழுத்தும் வலிக்கும். முதலில் வாசலருகே நின்று முழு உருண்டையையும் வளைவுகளோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு ஓரத்து நடைவழியில் தூண்களுக்கு இடையே பார்த்துக்கொண்டே போய்ப் பின்பக்கத்துக்கு வாருங்கள். பூமியிலிருந்து நாம் காணவே முடியாத மறுபக்கம் அது; கருந்திட்டுகள் மிகக் குறைவு, பள்ளங்களே நிறைந்திருக்கும். பெரும்பாலோர் இதைத் தவறவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நேரம் முக்கியம். லண்டனில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்குமேல்தான் பொழுது சாயும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் நிலா வெளுத்துப்போகும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கோடையில் போகிறவர்கள் இரவுக் காட்சி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளவும். பூசை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், அதையும் கேட்டு வையுங்கள். கைப்பேசியில் எடுத்தால் நிலா வெறும் வெள்ளைத் தட்டாக விழும். திரையில் நிலாவின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் பள்ளங்கள் தெரியும். கோயில் இருண்டுவிடும், அதற்குத் தனியாக ஒரு படம் எடுங்கள்.

இதைப் புதுச்சேரிக் கடற்கரைத் தேவாலயமான நம் கப்ஸ் கோயிலுக்கு அழைக்கலாமே என்று ஒரு தீர்மானம் வந்தது. ஆசை நியாயமானது, ஆனால் 1855இல் எழுந்த அந்தக் கோயிலின் வாசல் கடலைப் பார்த்தது. மதியத்துக்குமேல் கடற்காற்று நேரே உள்ளே வரும். காற்றடைத்துத் தொங்கவிட்டால் உருண்டைக்குள் இருக்கும் காற்றே 200 கிலோவுக்கு மேல். சுற்றிலும் காற்றே இருப்பதால் கயிற்றில் அந்தப் பாரம் விழாது. ஆனால் ஒருமுறை ஆடத் தொடங்கினால் லேசில் நிற்காது. பக்கக் கயிறுகள் கட்டாமல் விடக்கூடாது. சுண்ணாம்புக் காரையில் கொக்கி அடிக்கவே கூடாது. ஊதுவிசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய அமைப்பு என்றால் இன்னொரு சிக்கல்: மின்தடையில் அது நின்றால் உருண்டை மெல்லத் தொய்ந்து பேரிக்காய்போல நீளும். அதனால் விசிறிக்கு மட்டுமாவது யுபிஎஸ் வேண்டும். நடுக்கூடத்தில் தொங்கும் மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, மே மாதத்தில் யாரை உள்ளே உட்காரச் சொல்வது என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். பதில் வரவில்லை.

ஆள் நடக்க 3, உருண்டைக்கு 7, கயிற்றுக்கு 1 என்று தரையிலிருந்து 11 மீட்டராவது திறந்த உயரம் வேண்டும். கப்ஸ் கோயில், சம்பா கோயில், இருதய ஆண்டவர் கோயில் மூன்றிலும் லேசர் அளவியால் உயரம் எடுக்கப் பங்குத் தந்தையரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அளவு கைக்கு வரும்வரை தீர்மானம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
செயலாளர், புதுச்சேரி