சலைடாவுக்குப் போவதென்றால்

அன்புள்ள பாப்பா,

டென்வர் வீட்டைக் காலி செய்துவிட்டு, அதே கொலராடோவில் மலைப்பக்கத்துச் சிற்றூரான சலைடாவில் பேக்கரி போடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் அம்மா குறுக்கே வந்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். (நான் சலீடா, சலீடா என்று சொல்லி, சலைடா என்று திருத்தப்பட்டதை விடு.) அந்த ஊர் இருக்கும் சேஃபி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்கச் சேர்த்தே 2020 கணக்கெடுப்பில் 20,000 பேர் இல்லை. ரயிலுக்காக 1880-ல் உண்டான ஊர், அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்களில் இப்போது ஓவியக் கூடமும் காபிக் கடையும். ஜூன் மாதக் காலையில் பனி உருகி ஆர்கன்சாஸ் ஆறு இரைச்சலோடு ஓட, ரப்பர் படகைத் தலையில் தூக்கிப் போன பிள்ளைகள் யாரென்றே தெரியாத எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வேலை, அவருக்குக் கவலையில்லை.

கவலை உனக்குத்தான். கோடையில் படகுக் கூட்டம், குளிரில் பக்கத்து மொனார்க் மலையில் பனிச்சறுக்குக் கூட்டம், சரி. ஏப்ரலில் யார் பன் வாங்குவார்கள்? உள்ளூர்க்காரர்களை நம்பிக் கணக்குப் போடு. அப்புறம் வேலைக்கு ஆள். அன்று நமக்குக் காபி கொடுத்த பையன் வாடகை கட்டுப்படியாகாமல் வேனில் தூங்குவதாகச் சொன்னானே, உன் கடையில் மாவு பிசைய வருகிறவன் எங்கே தங்குவான்?

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. கொலராடோவில் யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தினார்களோ அவர்களுக்கே முதல் உரிமை. கூரையில் விழும் மழையை வீட்டுக்காரர் பிடித்து வைக்கவே 2016-ல்தான் அனுமதி வந்தது, அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன். மழைநீர்த் தொட்டி காட்டாவிட்டால் வீட்டு பிளானே பாஸாகாத ஊரிலிருந்து போன எனக்கு இது தலைகீழாக இருந்தது! ஊருக்கு வெளியே கிணற்றோடு வீடு பார்த்தால் கிணற்றுப் பெர்மிட்டை வாங்கிப் படி. வீட்டுக்குள் புழங்க மட்டும் என்று போட்டிருந்தால் வாசல் ரோஜாவுக்குக்கூட ஒரு வாளி ஊற்றமுடியாது.

அங்கே உன் கேக் நடுவில் குழி விழுந்தது கைப்பிழை இல்லை. சலைடா இருக்கும் 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மாவு சட்டென்று உப்பி அப்படியே உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் குறைத்துப் பார்.

முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள், ஏப்ரலையும் சேர்த்து. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்து, அன்று பருப்பு வேகாமல் போனதை அம்மா இன்னும் மறக்கவில்லை. ஐந்து லிட்டர் குக்கரை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். ரப்பர் இரண்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள், கடைக்குக் கிளம்புகிறேன்.

அப்பா