ஆளில்லாமல் ஓடும் ரிவி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை எத்தனை மணித்தியாலம் ரிவி பார்க்கிறது என்றுதான் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். யாரும் பார்க்காமல் ஹோலில் ஓடிக்கொண்டிருக்கும் ரிவியை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. பேச்சு வரும் வயதில் கூடுதலாகக் கெடுப்பது அதுதான்.

அமெரிக்காவில் 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவி அணிவித்துச் செய்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. ரிவிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், பெரியவர்கள் பேசிப் பிள்ளையின் காதில் விழுந்த சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. பிள்ளையின் மழலையும் குறைந்திருந்தது. பின்னேரம் நாடகம் தொடங்கினால் படுக்கும்வரை நிற்பாட்டாத வீடுகள் உப்புவெளியிலும் உண்டு, கிண்ணியாவிலும் மூதூரிலும் உண்டு. தாய், தகப்பன், அம்மம்மா எல்லாரும் வீட்டில் சேர்ந்திருக்கும் நேரமும் அதுதானே!

முன்பள்ளிக்கு வரும் சில பிள்ளைகள் கார்ட்டூன் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பார்கள், "செருப்பை எங்கே வைத்தாய்?" என்றால் பதில் வராது. கேட்டுப் பதில் சொல்வதும், மற்றப் பிள்ளை பேசி முடியும்வரை பொறுப்பதும், விளையாட்டுச் சாமானை முறை வைத்துக் கொடுப்பதும் எதிரே ஆள் இருந்தால்தான் பழகும்.

2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த ஒரு மணித்தியாலமும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். "அவ ஏன் அழுகிறா?" என்று இடையில் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள், பலர் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். யூரியூப் என்றால் அடுத்த வீடியோ தானாக ஓடாதபடி செற்றிங்கில் மாற்றி வையுங்கள். கதையின் நடுவில் ரிமோட்டைப் பறித்தால் பிள்ளை அழத்தான் செய்யும். "இது முடிய நிற்பாட்டுவோம்" என்று தொடக்கத்திலேயே சொல்லி, முடிந்த கையோடு குளிக்கவோ பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவோ கூட்டிப் போங்கள். சாப்பிடும்போது ரிவி கூடவே கூடாது. வயிறு நிறைந்ததே பிள்ளைக்குத் தெரியாது. நித்திரைக்கு ஒரு மணித்தியாலம் முன்பும் வேண்டாம்.

2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால், ரிவிதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். காது கேட்காமலும் இருக்கலாம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் காதுப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். முன்பள்ளியில் சேர்க்கும் வயது வரை பார்த்திருக்க வேண்டாம்.

முன்பள்ளி ஆசிரியைகள் சிலர்,
திருகோணமலை.